ஃப்ளட்டரா, ரியாக்ட் நேட்டிவா? ஆப் செய்யக் கிளம்பும் முன் கேட்க வேண்டிய கேள்விகள்!

சென்னை - திருச்சி நெடுஞ்சாலையில் திண்டிவனம் தாண்டி, கூட்டேரிப்பட்டில் புதுச்சேரி பக்கமாகத் திரும்பினால் சிறிது தூரத்தில் மயிலம். குன்றின்மேல் முருகன் கோயில், பங்குனி உத்திரத்துக்கு வந்து குவியும் காவடிகள் என்றுதான் வெளியூர்க்காரர்களுக்கு இந்த ஊரைத் தெரியும். 1938-ல் தொடங்கிய தமிழ்க் கல்லூரியும், 1998-ல் வந்த பொறியியல் கல்லூரியும் இங்கேயே இருக்கின்றன. இலக்கணம் படிப்பவர்களும் கம்ப்யூட்டர் சயின்ஸ் படிப்பவர்களும் சேர்ந்து புழங்கும் ஊர் இது.

மென்பொருள் வேலை என்றால் சென்னைக்கோ பெங்களூருக்கோ பெட்டி கட்ட வேண்டும் என்ற நிலை இந்த வட்டாரத்தில் மெள்ள மாறிவருகிறது. வானூர் வட்டம் திருச்சிற்றம்பலத்தில் 2024 பிப்ரவரியில் மினி டைடல் பார்க் திறக்கப்பட்டது. விழுப்புரத்தில் 2013 முதல் இயங்கும் குனு/லினக்ஸ் பயனர் குழு, கிராமத்து மாணவர்களுக்குக் கட்டணமில்லாமல் மென்பொருள் பயிற்சி தருகிறது. இறுதியாண்டு புராஜெக்ட்டுக்கு ஆப் செய்கிறவர்கள், உள்ளூர்க் கடைக்காரருக்கு ஆப் செய்து தருகிறவர்கள், ஆப் வேண்டும் என்று ஆள் தேடுகிற கடைக்காரர்கள் என எல்லோரும் ஒரே கேள்வியில் வந்து நிற்கிறார்கள். ‘எதில் செய்வது?’

இதற்குத் தப்பான பதில் சொன்னால் மாணவருக்கு ஆறு மாத உழைப்பு போகும். கடைக்காரருக்குப் போட்ட காசு போகும். கோர்ஸுக்குப் பணம் கட்டிய பெற்றோருக்கும் அதே கதிதான். யூடியூபில் ஒருவர் புகழ்ந்தார், நண்பர் அதைத்தான் படிக்கிறார் என்பதற்காக முடிவெடுக்காமல், கொஞ்சம் விவரம் தெரிந்துகொண்டு இறங்குவது நல்லது.

இரண்டு கடை, இரண்டு மொழி

ஆண்ட்ராய்டு போனுக்கான ஆப்பைக் கோட்லின் அல்லது ஜாவா மொழியில் எழுதுவார்கள். ஐபோனுக்கு ஸ்விஃப்ட். இரண்டும் வெவ்வேறு உலகம். அதே லாகின் பக்கம், அதே பட்டன், அதே கணக்கு... எல்லாவற்றையும் இரண்டு முறை எழுத வேண்டும். ஒரு பிழை வந்தால் இரண்டு இடத்தில் திருத்த வேண்டும். பெரிய நிறுவனம் என்றால் தனித்தனி ஆட்களை வைத்துக்கொள்ளும். மூன்று மாணவர்கள் சேர்ந்து செய்யும் ஆப்புக்கு அது கட்டுப்படியாகாது.

ஒரு முறை எழுதி இரண்டு போனிலும் ஓட வைக்கும் கருவிகள் அதனால்தான் வந்தன. ‘கிராஸ் பிளாட்ஃபார்ம்’ என்று இவற்றைச் சொல்வார்கள்.

இந்த ஆசை ஸ்மார்ட்போனுக்கும் முந்தையது. பட்டன் போன்கள் இருந்த காலத்தில் ‘ஜாவாவில் ஒரு முறை எழுதுங்கள், எல்லா போனிலும் ஓடும்’ என்றார்கள். அந்தக் காலத்தில்தான், 2005 பொங்கலன்று சிங்கப்பூரில் ‘செல்லினம்’ அறிமுகமானது. மலேசியாவின் முத்து நெடுமாறன் உருவாக்கியது. தமிழ் எழுத்தே இல்லாத போன்களில் தன் எழுத்துருவைத் தானே சுமந்து சென்று தமிழில் குறுஞ்செய்தி அனுப்ப வைத்தது. பிறகு ஐபோன் வந்தது, ஆண்ட்ராய்டு வந்தது. ஒவ்வொன்றுக்கும் அது புது வடிவம் எடுக்க வேண்டியிருந்தது. ஐபோனில் வெளியார் செய்த விசைப்பலகைகளுக்கு 2014-ல் ஐஓஎஸ் 8 வந்த பிறகுதான் ஆப்பிள் இடம் கொடுத்தது. ‘ஒரு முறை எழுதினால் போதும்’ என்ற பேச்சு, போன் கம்பெனி அனுமதிக்கும் எல்லைவரைதான் செல்லும் என்பதற்குத் தமிழிலேயே உள்ள உதாரணம் இது.

நான்கு வழிகள்

முதல் வழி, ஆப்பே இல்லாத ஆப். இணையதளத்தைப் போன் திரைக்கு ஏற்றபடி செய்து, ‘ஹோம் ஸ்கிரீனில் சேர்’ என்று கொடுத்துவிடுவது. பி.டபிள்யூ.ஏ. என்பார்கள். பிளே ஸ்டோர், ஆப் ஸ்டோர் எதுவும் தேவையில்லை. லிங்க்கை வாட்ஸ்அப்பில் அனுப்பினாலே போதும். நெட் மங்கும் இடத்திலும் முன்பு பார்த்த பக்கங்களைக் காட்டும்படி செய்யலாம். ஐபோனில் இதற்கு நோட்டிஃபிகேஷன் வசதி 2023-ல்தான் வந்தது. அதுவும் ஹோம் ஸ்கிரீனில் சேர்த்திருந்தால் மட்டுமே.

இரண்டாவது, ரியாக்ட் நேட்டிவ். ஃபேஸ்புக் 2015-ல் வெளியிட்டது. எழுதும் மொழி ஜாவாஸ்கிரிப்ட். இணையதளம் செய்யத் தெரிந்தவருக்குப் பாதி வேலை முடிந்த மாதிரி.

மூன்றாவது, கூகுளின் ஃப்ளட்டர். முதல் நிலையான பதிப்பு 2018 டிசம்பரில் வந்தது. இதற்கு ‘டார்ட்’ என்ற மொழியைப் படிக்க வேண்டும். ஜாவா தெரிந்தவருக்கு அது அந்நியமாகத் தோன்றாது.

இந்த இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தைக் கல்யாண சமையலை வைத்துப் புரிந்துகொள்ளலாம். ரியாக்ட் நேட்டிவ், மண்டபத்தில் இருக்கும் பாத்திரம், அடுப்பிலேயே சமைக்கும் சமையல்காரர். ஆண்ட்ராய்டில் ஆண்ட்ராய்டின் பட்டன், ஐபோனில் ஐபோனின் பட்டன் வரும். ஃப்ளட்டர், தன் பாத்திரம், கரண்டி, அடுப்பு எல்லாவற்றையும் லாரியில் ஏற்றிக்கொண்டு வருபவர். திரையில் தெரியும் ஒவ்வொன்றையும் தானே வரைகிறது. எந்த மண்டபத்திலும் ஒரே ருசி கிடைக்கும். அந்த லாரிக்கு இடம் வேண்டும் என்பதால், ஒன்றுமே இல்லாத வெற்று ஆப்புக்கே நான்கைந்து எம்பி எடுத்துக்கொள்ளும்.

நான்காவது, கோட்லின் மல்டிபிளாட்ஃபார்ம். கணக்கு, விதிமுறை, சர்வரோடு பேசுவது போன்ற உள்வேலைகளை மட்டும் ஒரே முறை எழுதி, முகப்பை அந்தந்த போனுக்குத் தனியாகச் செய்யும் முறை. 2023 நவம்பரில் நிலையான பதிப்பாக அறிவிக்கப்பட்டது. ஏற்கெனவே ஆண்ட்ராய்டு ஆப் வைத்திருந்து, இப்போது ஐபோனுக்கும் போக நினைப்பவர்களுக்கு ஏற்றது.

நான்குக்கும் மென்பொருள் உரிமக் கட்டணம் கிடையாது. செலவு வேறு இடத்தில் காத்திருக்கிறது. அதைப் பார்ப்பதற்கு முன் தமிழுக்கு ஒரு பரீட்சை.

‘மயிலம்’ எத்தனை எழுத்து?

ம, யி, ல, ம்... நான்கு எழுத்து என்று ஒன்றாம் வகுப்புக் குழந்தை சொல்லும். ஜாவாஸ்கிரிப்டைக் கேட்டால் ஆறு என்கிறது. டார்ட்டும் கோட்லினும் அதையேதான் சொல்கின்றன. காரணம், யூனிகோடில் ‘யி’ என்பது ய-வும் இகரக் குறியும் சேர்ந்தது; ‘ம்’ என்பது ம-வும் புள்ளியும் சேர்ந்தது. இயல்பாகவே நான்கு என்று எண்ணுவது ஆப்பிளின் ஸ்விஃப்ட். ஃப்ளட்டரில் ‘கேரக்டர்ஸ்’ என்ற இணைப்பு கூடவே வருகிறது. அதைப் பயன்படுத்தினால் அங்கேயும் நான்கு கிடைக்கும்.

இதனால் என்ன வரும்? ஊர்ப் பெயருக்கு ஐந்து எழுத்து வரைதான் இடம் என்று ஒருவர் நிரல் எழுதினால், கடைசிப் புள்ளி வெட்டுப்பட்டு ‘மயிலம’ என்று திரையில் நிற்கும். ரசீதிலும் அப்படியே அச்சாகும்.

அகரவரிசையிலும் இதே தொல்லை உண்டு. கோயில் நன்கொடையாளர் பட்டியலில் கமலாவும் கனகாவும் இருக்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். தமிழ் நெடுங்கணக்கில் ன கடைசி மெய். அதனால் கமலா முதலில், கனகா பிறகு வர வேண்டும். யூனிகோட் எண் வரிசையிலோ ன-வை ந-வுக்குப் பக்கத்திலேயே உட்கார வைத்திருக்கிறார்கள். சாதாரணமாக வரிசைப்படுத்தச் சொன்னால் கனகா முந்திக்கொள்வார். தமிழ் முறைப்படி அடுக்கத் தனியாகச் சொல்ல வேண்டும். அதற்கு எந்தக் கருவியில் என்ன வசதி இருக்கிறது என்று முதல் நாளே பார்த்துவிடுவது நல்லது.

எழுத்துருவையும் கவனிக்க வேண்டும். ஆங்கிலத்துக்காக அளந்து வைத்த பட்டனில் தமிழை நுழைத்தால் மேலே புள்ளியும் கீழே கொக்கியும் வெட்டுப்படலாம். ஆங்கிலத்தில் ஒரு சின்னச் சொல்லில் முடிவது தமிழில் ‘ரத்து செய்’ என்று நீளும். வீட்டில் பெரியவர்கள் போனில் எழுத்து அளவைப் பெரிதாக்கி வைத்திருப்பார்கள். அந்த போனில் ஆப்பைத் திறந்து பார்ப்பதைவிடச் சிறந்த சோதனை கிடையாது. எல்லா போனிலும் ஒரே மாதிரி தமிழ் தெரிய வேண்டும் என்றால், நோட்டோ சான்ஸ் தமிழ் போன்ற இலவச எழுத்துருவை ஆப்போடு சேர்த்தே அனுப்பலாம்.

முடிவு செய்வதற்கு முன், ஒரு பக்கம் முழுக்கத் தமிழ், ஒரு பெயர்ப் பட்டியல், ஒரு தேடல் பெட்டி வைத்துச் சின்ன மாதிரி ஆப் செய்து பாருங்கள். இரண்டு நாள் வேலைதான். பின்னால் இரண்டு மாதம் மிச்சமாகும்.

பெரிய கம்பெனிகள் பட்ட பாடு

இந்தத் தேர்வில் தடுமாறியவர்கள் பட்டியலில் உலகின் மிகப்பெரிய நிறுவனங்களே இருக்கின்றன.

ஃபேஸ்புக் தன் மொபைல் ஆப்பை முதலில் இணையப் பக்கங்களின் மேல்தான் கட்டியது. வேகம் போதவில்லை, பயன்படுத்துவோர் சலித்துக்கொண்டார்கள். அந்த வழியை அளவுக்கு மீறி நம்பியது தவறு என்று 2012-ல் மார்க் ஸக்கர்பெர்க்கே மேடையில் ஒப்புக்கொண்டார். அதே நிறுவனத்திலிருந்துதான் மூன்று ஆண்டுகளில் ரியாக்ட் நேட்டிவ் வந்தது.

அதை 2016-ல் ஏற்றுக்கொண்டது ஏர்பிஎன்பி. 2018-ல் கைவிடுவதாக அறிவித்தது. இரண்டு தளங்களை ஒன்றாக்கப் போனவர்கள், ஆண்ட்ராய்டு, ஐபோன், ரியாக்ட் நேட்டிவ் என மூன்றைக் கட்டி மேய்க்க வேண்டியதாகிவிட்டது. பழைய ஆப்பின் நடுவே புதிய கருவியைச் செருகியதில் வந்த சிக்கல் அது. இத்தனைக்கும் அதில் வேலை செய்த பொறியாளர்களில் பாதிக்கு மேற்பட்டோர், வாய்ப்புக் கிடைத்தால் அதையே மறுபடி தேர்ந்தெடுப்போம் என்றே சொன்னார்கள். ஷாப்பிஃபை நிறுவனமோ 2020-ல், இனி எங்கள் புதிய மொபைல் ஆப்கள் ரியாக்ட் நேட்டிவில்தான் என்று அறிவித்தது.

இந்தியாவில் 2017-ல் ‘தேஸ்’ என்ற பெயரில் வந்து, மறு ஆண்டே பெயர் மாறிய கூகுள் பே, பின்னர் ஃப்ளட்டரில் புதிதாக எழுதப்பட்டது. 17 லட்சம் வரிகளாக இருந்த நிரல் 11 லட்சம் வரிகளாகக் குறைந்ததாக கூகுள் தெரிவித்தது. பெட்டிக்கடையில் ஸ்கேன் செய்து பணம் அனுப்பும் ஆப்புக்கே ஃப்ளட்டர் தாங்குகிறது என்றால், நம் ஊர் ஆப்புக்குத் தாங்காதா என்ற சந்தேகம் வேண்டாம்.

ஆப்தான் எதிர்காலம் என்று நம்பி 2015 மே மாதம் மிந்த்ரா தன் இணையதளத்தையே மூடியது. அடுத்த ஆண்டே மறுபடி திறந்தது. அதன் தாய் நிறுவனமான ஃப்ளிப்கார்ட்டும் மொபைல் இணையதளத்தை மூடிவிட்டு, 2015 நவம்பரில் ‘ஃப்ளிப்கார்ட் லைட்’ என்ற பி.டபிள்யூ.ஏ.வோடு திரும்பி வந்தது. மெதுவான நெட், இடம் போதாத போன் வைத்திருந்தவர்களை ஆப் மட்டும் வைத்து எட்ட முடியவில்லை.

இந்தக் கதைகளைச் சேர்த்துப் பார்த்தால் ஒன்று தெரியும். ஒரே கருவி ஒருவருக்கு வாய்த்தது, இன்னொருவருக்கு வாய்க்கவில்லை. ஏற்கெனவே கையில் என்ன இருந்தது, எப்படிப்பட்ட ஆட்கள் இருந்தார்கள், வாடிக்கையாளர் கையில் எந்த போன் இருந்தது என்பவைதான் முடிவைத் தீர்மானித்தன.

கருவிக்கும் ஆயுள் உண்டு

ஒரு காலத்தில் இணையப் பக்கத்தை ஆப்பாகச் சுற்றித் தருவதில் ‘ஃபோன்கேப்’ கொடிகட்டிப் பறந்தது. 2011-ல் அடோபி அதை வாங்கியது. 2020-ல் கதவைச் சாத்தியது. அதன் உடன்பிறப்பான ‘கார்டோவா’ தன்னார்வலர்கள் கையில் இன்னும் இருக்கிறது. மைக்ரோசாஃப்ட் 2016-ல் வாங்கிய ‘ஸாமரின்’ கருவிக்கான ஆதரவு 2024 மே 1-ம் தேதியோடு முடிந்தது. அதில் எழுதியவர்கள் புதிய ‘மாவி’க்கு மாற வேண்டியதாயிற்று. ஃப்ளட்டர் குழுவிலும் 2024-ல் கூகுள் ஆட்குறைப்பு செய்தபோது, இதுவும் போய்விடுமோ என்று உலகம் முழுக்கப் பேச்சு எழுந்தது. ஃப்ளட்டர் நிற்கவில்லை, புதிய பதிப்புகள் தொடர்ந்து வருகின்றன. ஆனாலும் அந்தப் பயம் நியாயமானது.

கருவி உயிரோடு இருந்தாலும் ஆப் சாகும். கூகுள் ஒவ்வோர் ஆண்டும் ஆண்ட்ராய்டின் புதிய பதிப்புக்கு ஏற்ப ஆப்களைப் புதுப்பிக்கச் சொல்கிறது. வழக்கமாக ஆகஸ்ட் 31 கெடு. பல ஆண்டுகள் கண்டுகொள்ளாமல் விட்ட ஆப், புதிய போன் வாங்கியவர்களுக்கு பிளே ஸ்டோரில் தென்படாது. ஆப்பிளிலோ ஆண்டுச் சந்தா கட்டாவிட்டால் ஆப் கடையிலிருந்தே இறங்கிவிடும்.

ஆக, ஆப் என்பது ஒரு முறை கட்டிப் பூட்டிவிடும் வீடு இல்லை. வருடா வருடம் வெள்ளையடிக்க ஆள் வேண்டும். ‘மூன்று வருடம் கழித்து இதை யார் பராமரிப்பார்?’ என்ற கேள்விக்குப் பதில் சொல்ல முடிகிற கருவியே நல்ல கருவி. திண்டிவனம், விழுப்புரம், புதுச்சேரியில் அந்தக் கருவி தெரிந்த ஆட்கள் எளிதில் கிடைப்பார்களா என்று விசாரிப்பது, இணையத்தில் வேகப் போட்டி முடிவுகளைப் படிப்பதைவிடப் பயன் தரும்.

பர்ஸையும் லேப்டாப்பையும் பாருங்கள்

பிளே ஸ்டோரில் கணக்குத் தொடங்க 25 டாலர். ஒரு முறை கட்டினால் போதும். ஆப்பிளுக்கு ஆண்டுக்கு 99 டாலர். நம் பணத்தில் எட்டாயிரம் ரூபாய்க்கு மேல், வருடந்தோறும்.

ஐபோன் ஆப்பைத் தயாரிக்கும் ‘எக்ஸ்கோடு’ மென்பொருள் மேக் கம்ப்யூட்டரில் மட்டுமே ஓடும். ஃப்ளட்டர், ரியாக்ட் நேட்டிவ் எதில் எழுதினாலும் கடைசிக் கட்டத்தில் மேக் வேண்டும். இல்லாவிட்டால் ‘எக்ஸ்போ’, ‘கோட்மேஜிக்’ போன்ற சேவைகளில் மேக்கை வாடகைக்கு எடுப்பது போல நெட் வழியே தயாரிக்கலாம். இலவச அளவு கொஞ்சம் உண்டு; மேலே போனால் கட்டணம்.

ஆண்ட்ராய்டு ஸ்டுடியோவுக்குக் குறைந்தது 8 ஜிபி ரேம் வேண்டும். பழைய லேப்டாப்பில் அது மூச்சு வாங்கும். ரியாக்ட் நேட்டிவ் கற்பவருக்கு இங்கே ஒரு வசதி இருக்கிறது. ‘எக்ஸ்போ கோ’ ஆப்பை போனில் போட்டு, லேப்டாப் திரையில் தெரியும் க்யூஆர் கோடை ஸ்கேன் செய்தால் போதும். எழுதியது உடனே போனில் ஓடும். ஃப்ளட்டரிலும் யூஎஸ்பி கேபிளில் சொந்த போனை இணைத்துச் சோதிக்கலாம். கம்ப்யூட்டருக்குள் ஓடும் போலி போனை விட்டுவிட்டாலே பாதிச் சுமை குறையும்.

2023 நவம்பர் 13-க்குப் பிறகு தனிநபர் பெயரில் பிளே ஸ்டோர் கணக்குத் தொடங்கியவர்களுக்கு இன்னொரு நிபந்தனை. ஆப்பைப் பொதுவில் விடுவதற்கு முன், 12 பேர் தொடர்ந்து 14 நாள்கள் சோதனையில் இருக்க வேண்டும். முதலில் இது 20 பேராக இருந்தது. 2024 டிசம்பரில் குறைத்தார்கள். புராஜெக்ட் சமர்ப்பிக்கும் தேதிக்கு மூன்று நாள் முன்பு கணக்குத் தொடங்குபவர்கள் மாட்டிக்கொள்வது இங்கேதான்.

எந்த மண்ணுக்கு எந்த ரகம்?

இந்த வட்டாரத்தில் விதைத் தேர்வைப் பற்றி யாருக்கும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. திண்டிவனம் எண்ணெய்வித்து ஆராய்ச்சி நிலையம் தந்த மல்லாட்டை ரகங்கள் டி.எம்.வி. என்று ஊர்ப் பெயரைச் சுமந்தே போகின்றன. கொத்து ரகமா, கொடி ரகமா என்று கேட்டால் விவசாயி உடனே திருப்பிக் கேட்பார், ‘மானாவாரியா, இறவையா? எந்தப் பட்டம்?’ என்று. ஆப்பிலும் அப்படித்தான் கேட்க வேண்டும்.

திருவிழா தேதி, பூஜை நேரம், பஸ் விவரம் என்று தகவல் மட்டும் தர வேண்டுமா? வருடத்துக்கு ஒரு முறை வரும் பக்தர் அதற்காக ஆப் இறக்கமாட்டார். பி.டபிள்யூ.ஏ. போதும்.

உள்ளூர் மளிகைக் கடை, பால் பண்ணைக் கணக்கு, டியூஷன் சென்டர் வருகைப் பதிவு போன்றவையா? இந்தியாவில் புழங்கும் ஸ்மார்ட்போன்களில் நூற்றுக்குத் தொண்ணூறுக்கு மேல் ஆண்ட்ராய்டுதான். உங்கள் வாடிக்கையாளர்களில் எத்தனை பேர் ஐபோன் வைத்திருக்கிறார்கள் என்று முதலில் எண்ணிப் பாருங்கள். மிகக் குறைவு என்றால், ஐபோன் ஆப்பைத் தள்ளிப்போடலாம். ஆனால் ஃப்ளட்டரிலோ ரியாக்ட் நேட்டிவிலோ எழுதி வைத்தால், நாளை தேவைப்படும்போது அதே நிரலிலிருந்து தொடரலாம்.

படங்கள், அசைவுகள், சொந்த வடிவமைப்பு நிறைந்த குழந்தைகள் பாட ஆப்பா? எல்லாவற்றையும் தானே வரையும் ஃப்ளட்டருக்கு ஏற்ற களம். ஏற்கெனவே இணையதளம் ஜாவாஸ்கிரிப்டில் இருக்கிறது, அதைச் செய்தவரே ஆப்பும் செய்யப் போகிறாரா? ரியாக்ட் நேட்டிவ்.

தமிழ் விசைப்பலகை, பின்னணியில் இடைவிடாமல் ஓடி இருப்பிடம் காட்டும் ஆப், கேமராவையும் ப்ளூடூத்தையும் ஆழமாகப் பயன்படுத்தும் கருவி போன்றவையா? அந்தந்த போனின் சொந்த மொழியில் எழுதுவதே நிம்மதி.

ஆப் செய்யக் கொடுப்பவர்களுக்கு...

கடைக்காரர்கள், பள்ளிகள், சுயஉதவிக் குழுக்கள் ஆளை வைத்து ஆப் செய்யும்போது, எந்தக் கருவி என்பதைவிட முக்கியமான சில விஷயங்களை விட்டுவிடுவதுண்டு.

பிளே ஸ்டோர் கணக்கு உங்கள் பெயரில், உங்கள் மின்னஞ்சலில் இருக்க வேண்டும். செய்து தருபவரின் கணக்கில் போட்டால், அவர் ஊர் மாறிவிட்டாலோ வேலை மாறிவிட்டாலோ உங்கள் ஆப் உங்கள் கையில் இருக்காது. நிரல் முழுவதையும் கேட்டு வாங்கி வையுங்கள். ஆப்பை மேலேற்றப் பயன்படும் ‘கீ’ கோப்பும் கடவுச்சொல்லும் அதோடு சேர்ந்து வர வேண்டும். செய்வதற்கு எவ்வளவு, பராமரிக்க ஆண்டுக்கு எவ்வளவு என்று இரண்டு தொகையையும் தனித்தனியாக எழுதி வாங்குங்கள். பராமரிப்புத் தொகையைச் சொல்லத் தயங்குபவர், அடுத்த ஆண்டு போனை எடுப்பாரா என்பது சந்தேகம்தான்.

‘எந்தக் கருவியில் செய்கிறீர்கள், ஏன்?’ என்று கேளுங்கள். தனக்குத் தெரிந்தது அது ஒன்றுதான் என்பது நேர்மையான பதில். அதில் தப்பும் இல்லை. ஆனால் உங்கள் வாடிக்கையாளரின் போன், நெட், மொழி பற்றி அவர் பதில் கேள்வி எதுவும் கேட்கவில்லை என்றால், இன்னொருவரையும் விசாரித்துப் பார்க்கலாம்.

படிக்கிறவர்களுக்கு...

வேலைக்காகக் கற்பவர்கள் இரண்டில் எதைத் தொட்டாலும் வீணில்லை. ஜாவாஸ்கிரிப்ட் வழியே போனால் இணையதள வேலைகளுக்கும் கதவு திறக்கும். ஃப்ளட்டர் வழியே போனால் ஒரே கருவியில் அழகான ஆப்பை வேகமாகச் செய்து காட்டலாம். இரண்டையும் பாதி பாதியாகப் படித்துவிட்டு நேர்காணலில் திணறுவதைவிட, ஒன்றில் முழு ஆப் செய்து பிளே ஸ்டோரில் ஏற்றி, அந்த லிங்க்கை பயோடேட்டாவில் போடுவது பல மடங்கு மேல். சின்ன ஆப் போதும். அதை நான்கு பேர் உண்மையில் பயன்படுத்த வேண்டும்.

கேட்டவுடன் நிரல் எழுதித் தரும் ஏஐ கருவிகள் வந்துவிட்ட பிறகு, எந்த மொழியின் இலக்கணமும் பெரிய தடையில்லை. டேட்டாவை எங்கே எப்படிச் சேமிப்பது, நெட் இல்லாதபோது ஆப் என்ன செய்ய வேண்டும், வாடிக்கையாளரின் போன் எண்ணை எப்படிப் பத்திரமாக வைப்பது ஆகியவற்றை அறிந்தவருக்கு ஃப்ளட்டரிலிருந்து ரியாக்ட் நேட்டிவுக்கு மாறச் சில வாரங்கள் போதும். ஃபோன்கேப் படித்தவர்களும் ஸாமரின் படித்தவர்களும் இந்த அடிப்படையை வைத்துத்தான் கரையேறினார்கள்.

கோர்ஸில் சேரும்போது பெற்றோர் கேட்க வேண்டிய கேள்வியும் இதையொட்டியதுதான். ‘கடைசியில் சான்றிதழ் தருவீர்களா?’ என்று எல்லோரும் கேட்கிறார்கள். ‘கடைசியில் என் பிள்ளை செய்த ஆப்பை என் போனில் நான் பார்க்க முடியுமா, அதில் தமிழ் ஒழுங்காகத் தெரியுமா?’ என்று கேளுங்கள். ஆமாம் என்பவரிடம் பணத்தைக் கட்டலாம்.